மெக்கானிக் இன்னும் வாங்காத ஃப்ரிட்ஜ்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஃப்ரிட்ஜுக்குள் இருந்து கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. கதை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எழுதுகிறவர்கள் மழை, தனிமை, பால்யம் என்று எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்வது வழக்கம். எனக்கு அந்த வசதி இல்லை. என் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்த பால் தொடர்ந்து திரிந்துபோனதால் மெக்கானிக்கை வரச் சொன்னேன். அவர் வந்தார், தட்டுகளை உருவித் தரையில் அடுக்கினார், தலையை உள்ளே விட்டார், அப்படியே பேசத் தொடங்கினார். அவர் முகத்தை நான் பார்த்ததைவிட முதுகைப் பார்த்ததுதான் அதிகம். காய்கறித் தட்டு இருந்த இடத்திலிருந்து குரல் மட்டும் லேசான எதிரொலியோடு வந்துகொண்டிருந்தது.

"சார், ஒரு யோசனை கேக்கணும். சின்னப் படகுக்கு விலை கட்டுப்படியாகுற மாதிரி எந்த ஃப்ரிட்ஜ் எடுக்கலாம்?"

நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்கதானே ஃப்ரிட்ஜ் மெக்கானிக்?" என்றேன்.

"அதான் சார் பிரச்சினை," என்றது ஃப்ரிட்ஜ்.

2

தொடக்கங்கள். மூன்று எழுதினேன். மூன்றையும் இங்கே வைக்கிறேன், ஒளித்து வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அ) "அன்று காலை ஏரி கண்ணாடியைப் போல" [இதோடு நிறுத்திவிட்டேன். ஏரி எப்போதும் கண்ணாடியைப் போலத்தான் இருக்கிறது, யார் எழுதினாலும். கண்ணாடி இந்தக் கதையில் வேறு இடத்தில் தேவைப்படுகிறது, இங்கேயே செலவழிக்க முடியாது.]

ஆ) "அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணமான நாள் முதல் ஒரே மனைவி, ஒரே ஸ்க்ரூடிரைவர்." [படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவரிடம் ஒரு பெட்டி நிறைய ஸ்க்ரூடிரைவர் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். தவிர, என் வீட்டுப் பாலைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதரை 'அவன்' என்று எழுதக் கை வரவில்லை. அவர் இந்தக் கதை முழுக்க 'அவர்'தான்.]

இ) "ஃப்ரிட்ஜ் வைக்காத படகில் நான் ஏற மாட்டேன் என்று மெக்கானிக்கின் மனைவி சொல்லிவிட்டார்."

மூன்றாவதுதான் கதை. ஒரு சின்னக் குறை உண்டு, அவர் மனைவி அப்படிச் சொல்லவில்லை. என்ன சொன்னார் என்பது அடுத்த பகுதியில் இருக்கிறது. அதையும் நான் முதலில் தப்பாகத்தான் புரிந்துகொண்டேன்.

3

மெக்கானிக் படகு வாங்கியதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஏரிக்கரையில் ஒரு குளிர்பானக் கடையில் ஃப்ரிட்ஜ் பார்க்கப் போனார். வேலை முடிந்து வெளியே வந்தபோது, பழைய படகு ஒன்று விற்பனைக்கென்று கரையில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. சும்மா அதன் மேல் கை வைத்தார். கையை எடுக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

[இங்கே அவருடைய சிறு வயதிலிருந்து தண்ணீரோடு ஏதாவது ஒரு தொடர்பைக் கொண்டுவரலாமா என்று பார்த்தேன். கேட்டால், "தண்ணின்னா எனக்கு ஆகாது சார், டீஃப்ராஸ்ட் தட்டுல நிக்கிற தண்ணியே புடிக்காது" என்றார். விட்டுவிட்டேன்.]

படகின் நடுவில் ஒரு சின்ன அறை. குனிந்துதான் நுழைய வேண்டும். ஒரு ஓரத்தில் அடுப்பு வைக்க இடம், இன்னொரு ஓரத்தில் நாற்பது லிட்டர் அளவில் எதையாவது வைக்க ஒரு குழி, நடுவில் படுக்கை. இரண்டு பேர் படுக்கலாம், ஒருவர் புரண்டால் மற்றவரும் புரண்டாக வேண்டும். பின்னால் ஒரு எஞ்சின், அதைக் கிளப்ப ஒரு பேட்டரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியை அழைத்துப் போய்க் காட்டினார். அவர் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவர். எதையும் ஒரு கை தூரத்தில் நிறுத்திப் பார்ப்பது அவர் பழக்கம். கரையில் நின்றபடியே படகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"எப்படி இருக்கு?" என்றார் மெக்கானிக்.

"நல்லாத்தான் இருக்கு. என் ஊசி மருந்தை எங்க வைக்கிறது?"

மனைவிக்குச் சர்க்கரை. காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்.

"ஒரு ஃப்ரிட்ஜ் வெச்சுட்டா போச்சு," என்றார் மெக்கானிக், தன் வாழ்நாளில் மிகச் சுலபமாகச் சொன்ன வாக்கியம் இதுதான் என்று அப்போது தெரியாமல்.

"வெச்சப்புறம் சொல்லுங்க."

அது கோடைக்கு முன்பு. கோடை போய், மழை வந்து, மழையும் விட்டுவிட்டது. படகுக்கு பெயிண்ட் அடித்தாயிற்று, திரை மாட்டியாயிற்று, கெட்டிலுக்கு ஒரு கொக்கிகூட வந்துவிட்டது. மெக்கானிக் சனிக்கிழமைதோறும் அதில் போய்ப் படுத்துவிட்டு வருகிறார். ஃப்ரிட்ஜ் மட்டும் வரவில்லை.

காரணம் அவர் காது. கடையில் எல்லோரும் ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்து பார்ப்பார்கள். இவர் பின்பக்கம் போய்க் கம்ப்ரஸரில் காதை வைப்பார். வைத்ததும் அந்த ஃப்ரிட்ஜ் எப்படிச் சாகும் என்று அவருக்குக் கேட்டுவிடும். "இதுக்கு மொதல்ல ஃபேன் போகும்." "இது நாலாம் வருஷம் கேஸ் விடும்." இதை மனதுக்குள் சொல்லிக்கொண்டால் பரவாயில்லை. பக்கத்தில் புதுசாகக் கல்யாணமானவர்கள் நின்று அதே ஃப்ரிட்ஜுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கும்போது சொல்வார். ஒரு விற்பனைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணே, நீங்க வாங்க வேணாம். வாங்குறவங்கள விட்டுடுங்க, புண்ணியமா போகும்," என்றார்.

(குளிர் பற்றி ஒரு குறிப்பு: உங்களுக்கும் படகு இருந்தால் உபயோகப்படும் என்பதால், என் ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து வந்த பாடத்தைச் சுருக்கமாகத் தருகிறேன். வீட்டில் வைக்கிற சின்ன ஃப்ரிட்ஜ் மலிவு. ஆனால் படகில் சுவர் கிடையாது, சுவர் இல்லாததால் பிளக் கிடையாது. பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்ற ஒரு பெட்டி வேண்டும், அதுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். கேஸில் ஓடுகிற ரகத்தில் சத்தமே வராது. ஆனால் அது சமமாக நிற்க வேண்டும், படகோ ஆடும். தவிர, தூங்குகிற அறையில் ஒரு சுடர் எரிந்துகொண்டிருக்கும். மின்விசிறி வைத்த குளிர்பெட்டிதான் எல்லாவற்றிலும் விலை குறைவு. அது பற்றி மெக்கானிக் சொன்னதை அப்படியே தருகிறேன்: "வெளிய இருக்குற சூட்டுல கொஞ்சத்தைக் கொறைக்கும் சார், அவ்வளவுதான். கோடைல அது மூடி போட்ட வெயில்." கடைசி ரகம், பேட்டரியிலேயே நேராக ஓடுகிற கம்ப்ரஸர் பெட்டி. மேல்பக்கம் திறக்கும். குளிர் கனமானது, முன்பக்கக் கதவைத் திறந்தால் காலில் கொட்டிவிடும், மேல்பக்கம் திறந்தால் உள்ளேயே கிடக்கும். இதுதான் சரியான ரகம். ஒன்றின் விலையில் வீட்டு ஃப்ரிட்ஜ் மூன்று வாங்கலாம்.)

4

இந்தப் பகுதியில் ஏதாவது நடக்க வேண்டும். இதுவரை ஒரு மனிதர் கடை கடையாக ஏறி இறங்கியதுதான் நடந்திருக்கிறது.

நடந்தது இது. ஒரு கடையில், இறக்கும்போது கீழே போட்டுவிட்ட கம்ப்ரஸர் பெட்டி ஒன்று இருந்தது. நாற்பது லிட்டர். பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம். பள்ளத்துக்காக விலை பாதி. மெக்கானிக் அதை ஓடவிட்டுக் காதை வைத்தார். எந்தச் சாவும் கேட்கவில்லை. இன்னொரு பக்கம் வைத்துப் பார்த்தார். அங்கேயும் இல்லை. காதை எடுக்காமல் அங்கேயே நின்றார்.

"எடுத்துட்டுப் போய் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கண்ணே," என்றார் கும்பிட்ட அதே விற்பனைக்காரர், எப்படியாவது இவரை வெளியே அனுப்ப வேண்டும் என்ற நினைப்பில்.

அந்தச் சனிக்கிழமை மெக்கானிக் பெட்டியைப் படகில் ஏற்றினார். எஞ்சினுக்குப் பக்கத்திலிருந்த பேட்டரியில் வயரைக் கொடுத்தார். உள்ளே ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு தெர்மாமீட்டரும் வைத்தார். படகை ஏரியின் நடுவுக்கு ஓட்டிப்போய், நங்கூரம் போட்டு, எஞ்சினை அணைத்தார். விடிந்ததும் மூடியைத் திறந்து பார்த்தார். நான்கு டிகிரி. சாயங்காலம் எத்தனையோ விடியும்போதும் அத்தனை. ஒரு புள்ளிகூட ஏறவில்லை. இவ்வளவு யோக்கியமான ஃப்ரிட்ஜை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

திரும்பிப் போகலாம் என்று எஞ்சின் சாவியைத் திருகினார். 'டிக்' என்றது. மறுபடி திருகினார். அந்த 'டிக்'கும் வரவில்லை.

ஃப்ரிட்ஜ் ராத்திரி முழுக்கக் குடித்தது எஞ்சினைக் கிளப்ப வேண்டிய பேட்டரியை. தனி பேட்டரி ஒன்று போட வேண்டும் என்பது படகு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். படகுத்துறையில் கட்டியிருந்த ஒவ்வொரு படகிலும் பேட்டரி இரண்டு இருந்தது. மெக்கானிக் அந்தப் படகுகளுக்குள் தலையை விட்டுப் பார்த்ததில்லை, அவற்றில் ஃப்ரிட்ஜ் எதுவும் பழுதாகவில்லை என்பதால். வாழ்நாள் முழுக்க அவர் பார்த்த மின்சாரம் சுவரிலிருந்து வந்தது, தீராதது. ஃப்ரிட்ஜ் ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று யாரைவிடவும் அவருக்குத் தெரியும். ஓடினால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

வெயில் ஏறிய பிறகு அவரைக் கரை சேர்த்தது ஒரு மிதிப்படகு. பொழுதுபோக்குப் படகுத்துறையில் வாடகைக்கு விடுவார்களே, அன்னம் வடிவத்தில் வெள்ளையாக, அதுதான். உள்ளே ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரும் அவர் தங்கையும். அண்ணனும் தங்கையும் மிதிக்க மிதிக்க, அன்னத்தின் கழுத்தில் கட்டிய கயிற்றின் பின்னால் மெக்கானிக்கின் படகு மெதுவாக ஊர்ந்து வந்தது. வழியில் தபால்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"குடிக்கச் சில்லுனு ஏதாவது இருக்குங்களா?"

இருந்தது.

5

திங்கட்கிழமை ஃப்ரிட்ஜ் கடைக்குத் திரும்பிப் போனது. மெக்கானிக் வீட்டில் நடந்த பேச்சை நான் கேட்கவில்லை. மெக்கானிக் சொன்னதை எழுதினேன், பிறகு அதைப் படித்த மனைவியும் சரி என்றார். இரண்டு பக்கமும் ஒத்துப்போனதால் நம்பி வைத்திருக்கிறேன்.

"என்னங்க, ஃப்ரிட்ஜ் எப்படி?"

"சரி வராதும்மா."

"குளிரலையா?"

"குளிர்ந்துச்சு."

"சத்தம் ஜாஸ்தியா?"

"சத்தமே இல்ல."

"அப்ப என்னதான் குறை?"

"சைடுல பள்ளம் இருக்கு."

கண் பரிசோதனைக்கு வருகிறவர்களில் சிலர், பலகையில் கண்ணுக்குத் தெரியாத கடைசி வரியை மனப்பாடமாக ஒப்பிப்பார்களாம். அவர்களைப் பார்ப்பதுபோல மனைவி இவரைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மெக்கானிக் எப்படியாவது சமாளித்திருப்பார்.

"வர்ற வாரம் கடையில டைல்ஸ் மாத்துறாங்க. ஒரு வாரம் லீவு. முழுசா ஒரு வாரம் எனக்கு மறுபடி எப்ப கிடைக்கும்னு தெரியாது. சனிக்கிழமைக்குள்ள முடிவு பண்ணிச் சொல்லுங்க. இல்லன்னா நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"சரிம்மா," என்றார் மெக்கானிக்.

இந்தக் கதையில் பணயம் என்ன என்று யாராவது கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுவேன். ஃப்ரிட்ஜ் அல்ல. பிள்ளைகள் படித்து, வேலை கிடைத்து, ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகு, இவர்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் முழுதாக ஒரு வாரம் இருந்ததில்லை. அவர் அடுத்தவர் சமையலறையில், அவர் மனைவி அடுத்தவர் கண்ணில். வீட்டில் சந்தித்துக்கொள்வது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்.

6

எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது இங்கேதான். பாதி விலை, பழுதில்லாத பெட்டி, தேவை இன்னும் ஒரு பேட்டரி. இருந்தும் வாங்காமல் பள்ளத்தின் மேல் பழியைப் போடுகிற மனிதரை எப்படி எழுதுவது? இரண்டு காரணம் எழுதினேன்.

முதல் காரணம்: பயம். அன்று ஏரி நடுவில் 'டிக்' கேட்டபோது அவர் தன்னை நினைக்கவில்லை. பக்கத்தில் மனைவி இருந்து, மருந்து சூடாகி, எஞ்சினும் கிளம்பாமல் போயிருந்தால் என்று நினைத்தார். அடுத்தவர் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றால் நஷ்டம் பாலும் காய்கறியும். இங்கே நின்றால் நஷ்டம் என்ன என்று யோசிக்கக்கூட அவருக்குத் தைரியமில்லை. உலகத்தில் நிற்காத ஃப்ரிட்ஜ் கிடையாது, அது அவருக்கு அத்துப்படி. ஆகையால் எந்த ஃப்ரிட்ஜையும் வாங்க முடியாது.

இரண்டாம் காரணம்: தனிமை. படகில் யாரும் அவரைக் கூப்பிட்டு 'ஃப்ரிட்ஜ் ஓடலீங்க' என்று சொல்வதில்லை. எஞ்சின் செத்த அந்தக் காலையில், அன்னம் வந்து சேரும் வரை, அவர் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் இன்னொருவருக்கு இடம் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாத வரைக்கும் நாற்பது லிட்டர் குழி காலியாகவே இருக்கட்டும் என்று

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் அவர் கெட்டவராகிவிடுவார். முதல் காரணத்தை மட்டும் வைத்தால் ரொம்ப நல்லவராகிவிடுவார். இரண்டுமே என் வீட்டு ஃப்ரிட்ஜைப் பழுது பார்த்த மனிதருக்குப் பொருந்தவில்லை.]

அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

"எல்லாம் சரியா வந்திருக்கு சார். அந்த அன்னம் மட்டும் வேண்டாம்."

"ஏன்?"

"நாலு பேர் படிப்பாங்க."

"நாலு பேர் படிக்கிறதே அன்னத்துக்காகத்தான்," என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். அன்னம் இருக்கிறது, நீங்களே பார்த்தீர்கள்.

"அப்புறம் சார், காரணம் ரெண்டு போட்டிருக்கீங்க. ஒண்ணுதானே இருக்கணும்?"

"எது?"

மெக்கானிக் எழுந்து போய் என் ஃப்ரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டார். அது பழுதாகவே இல்லை.

உள்ளிருந்து குரல் வந்தது. "இந்தப் பேப்பரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கொடுத்துவிட்டேன்.

7

இதே நாட்களில் என் பழைய கண்ணாடியில் எழுத்தும் தூரமும் மங்கத் தொடங்கின. என் கையெழுத்தை நானே கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டியிருந்தது. ஊரில் கண்ணாடிக் கடை பல இருந்தும் நான் மெக்கானிக்கின் மனைவி இருக்கிற கடைக்குத்தான் போனேன். தற்செயல் என்று எழுதலாம், யாரும் நம்பப்போவதில்லை. அவரைப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன்.

நான் யார் என்று தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. இருட்டறையில் உட்கார வைத்தார். தாடையைத் தாங்கியில் வைக்கச் சொன்னார். நெற்றியைப் பட்டையில் ஒட்டச் சொன்னார். அப்படி வைத்துவிட்ட பிறகு ஒரு மனிதனால் எங்கேயும் தப்பிப் போக முடியாது. கண்ணுக்கு முன்னால் வில்லைகள் மாறின.

"முதலாவது தெளிவா இருக்கா, ரெண்டாவதா?"

"ரெண்டாவது."

"இப்ப? முதலாவதா, ரெண்டாவதா?"

"முதலாவது."

"நான் அவரைப் பார்த்த பார்வையை எழுதியிருக்கீங்க. அது சரி. ஊசி மருந்து விஷயம் தப்பு. அசையாதீங்க."

நான் அசையவில்லை.

"நான் போட்டுக்குற மருந்து, திறந்தப்புறம் ஃப்ரிட்ஜுல இருக்கணும்னே இல்ல சார். வெயில் படாத இடத்துல வெச்சா நாலு வாரம் தாங்கும். டாக்டரே சொல்லியிருக்கார்."

"அப்போ ஒரு வாரத்துக்கு..."

"ஃப்ரிட்ஜே தேவையில்ல."

"அவருக்குத் தெரியாதா?"

"மாசா மாசம் வாங்கிட்டு வர்றதே அவர்தான். அட்டையில எழுதியே இருக்கு. அவர் ஃப்ரிட்ஜ் அட்டையை மட்டும்தான் படிப்பார். இப்ப? முதலாவதா, ரெண்டாவதா?"

"முதலாவது. அப்புறம் ஏன் ஃப்ரிட்ஜ் கேட்டீங்க?"

ஒரு வில்லையைத் துணியில் துடைத்தபடி சொன்னார்.

"படகைக் காட்டினார் சார். 'எப்படி இருக்கு'ன்னு கேட்டார். ஏறி வான்னு சொல்லல. நானும் கரையிலேயே நின்னு பாத்தேன், சொல்லல. வாயைத் திறந்து கூப்பிட அவருக்கு வராது, கல்யாணமான நாள்லேருந்து வராது. சரி, ஃப்ரிட்ஜ்னா வாங்குவாரேன்னு ஒரு எண்ணம். ஊர்ல யார் வீட்டு ஃப்ரிட்ஜுன்னாலும் அன்னைக்கே போய் நிக்கிறவர். எனக்கு ஒண்ணு எடுக்க இத்தனை மாசம்."

அவர் குரல் மாறவில்லை. அடுத்த வில்லையைப் போட்டார்.

"இப்ப? முதலாவதா, ரெண்டாவதா?"

நான் மாற்றி மாற்றிப் பார்த்தேன். "தெரியலைங்க. ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. மன்னிக்கணும்."

"எதுக்கு மன்னிப்பு? ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சா சரியான பவருக்கு வந்துட்டோம்னு அர்த்தம். அதுக்குத்தான் இவ்வளவு நேரம் கேக்குறது."

விளக்கைப் போட்டார். எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, எழுதிக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு காரணம் எழுதி, ரெண்டுல எதுன்னு தெரியலைன்னு அடைப்புக்குறி போட்டிருந்தீங்க. நான் ரெண்டையும் படிச்சேன். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது."

 இத்தனை பக்கம் எழுதி நான் வந்து சேராத இடத்துக்கு அவர் ஒரு கணத்தில் வந்து சேர்ந்திருந்தார். கொஞ்சம் பொறாமையாக இருந்தது. நிறைய வருத்தமாக இருந்தது.

"கண்ணாடி எப்ப கிடைக்கும்?" என்று பேச்சை மாற்றினேன்.

"ஒரு வாரம் கடை இருக்காது. அதுக்கப்புறம் வாங்க."

"சனிக்கிழமைக்குள்ள சொல்லச் சொல்லியிருந்தீங்களே, சொன்னாரா?"

"இன்னைக்குத்தான் சார் சனிக்கிழமை," என்றார் அவர். "இன்னும் ஒண்ணும் சொல்லல."

8

ஞாயிறு மத்தியானம் மெக்கானிக் போன் செய்தார்.

"சார், வாங்கிட்டேன். அந்தப் பள்ளம் விழுந்ததையே. ரெண்டாவது பேட்டரியும் போட்டாச்சு, தனி வயர். நீங்க எழுதினதைப் படிச்சா நானே சிரிக்கிற மாதிரி இருந்துச்சு."

[ஆக, தலைப்பு பொய்யாகிவிட்டது. மாற்றவில்லை. சனிக்கிழமை முடியும் வரை அது உண்மையாகத்தான் இருந்தது. ஒரு நாள் தாமதமாக உண்மை மாறினால் தலைப்பு என்ன செய்யும்?]

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"பெட்டி கட்டி வெச்சிருக்கா சார்."

"எங்க போறதுக்கு?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

 போனில் ஒரு கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது.

எழுதுகிறவன் கதாபாத்திரத்தின் காதில் ஓதக்கூடாது என்பது ஒரு விதி. நானே கூட்டங்களில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். விதியாவது ஒன்றாவது என்று தோன்றியது. "ஃப்ரிட்ஜ் விஷயத்தை விடுங்க. அவங்களை ஒரு வார்த்தை கூப்பிடுங்க," என்றேன்.

"என்னன்னு சார் கூப்பிடுறது?"

"'வா'ன்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் அந்த வார்த்தையின் பின்பக்கம் போய்க் காதை வைத்துக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அது எப்படிச் சாகும், எத்தனையாம் வருஷம் என்று.

"பாக்குறேன் சார்," என்று போனை வைத்துவிட்டார்.

9

முடிவுகள். இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவது: அவர் 'வா' என்று சொல்லவில்லை. மனைவி தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். மெக்கானிக் ஃப்ரிட்ஜைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போய்க் குழியில் பொருத்துகிறார். அளவு கச்சிதம். நான்கு டிகிரி. உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில்.

இரண்டாவது: சொல்லிவிட்டார். எப்படிச் சொன்னார் என்று எழுதப் பலமுறை முயன்றேன், ஒவ்வொரு தடவையும் அவர் வாயில் வேறு ஒருவர் பேசினார். ஆகையால் அதை விட்டுவிட்டு, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஃப்ரிட்ஜைத் தூக்கி வருவதிலிருந்து தொடங்குகிறேன். "மெதுவா, மெதுவா" என்கிறார் அவர். "நான் மெதுவாத்தான் வர்றேன், நீங்கதான் இழுக்குறீங்க" என்கிறார் மனைவி.

எனக்கு எது வேண்டும் என்று ஒளிக்கப்போவதில்லை. இரண்டாவதுதான் வேண்டும். மனதார வேண்டும். ஆனால் எனக்கு வேண்டும் என்பதற்காக எழுதினால் அது நான் வாங்கித் தந்த ஃப்ரிட்ஜ் ஆகிவிடும்.

அதனால் திங்கட்கிழமை காலை நானே ஏரிக்குப் போனேன். துறைக்கு வெளியே, அன்னங்களைக் கட்டி வைத்திருக்கிற பக்கம், ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். படகுத்துறை தூரத்தில் தெரிந்தது. தெரிந்தது என்பது கொஞ்சம் அதிகம். புதுக் கண்ணாடி பூட்டிய கடைக்குள் இருக்கிறது, பழைய கண்ணாடியில் தூரத்துப் பொருளெல்லாம் ஈரத்தில் ஊறியதுபோலத்தான் இருக்கும்.

மரப்பலகை மேல் வெள்ளையாக ஒன்று நகர்ந்து வந்தது. பெட்டிதான், சந்தேகமில்லை. அதைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ அசைந்தது. ஒரு ஆள் தனியாகக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தாலும் அப்படித்தான் தெரியும். இரண்டு பேர் பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்து வந்தாலும் அப்படித்தான் தெரியும். படகின் அருகே வந்ததும் வெள்ளை கொஞ்ச நேரம் நின்றது. மூச்சு வாங்க நின்றிருக்கலாம். யாராவது முதலில் ஏறி, கை நீட்டி, ஒரு வார்த்தை சொல்வதற்காகவும் நின்றிருக்கலாம். பிறகு உள்ளே போய்விட்டது. எஞ்சின் முதல் திருகலிலேயே கிளம்பியது. அதை மட்டும் நன்றாகக் கேட்டேன்.

கண்ணைக் கசக்கிப் பார்த்தேன், இடுக்கிப் பார்த்தேன். எப்படிப் பார்த்தும் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. அப்படித் தெரிந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டதாக அர்த்தம் என்று தெரிந்தவர் சொல்லியிருக்கிறார். நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் கண் என் கண்ணைவிட நல்ல கண்ணாக இருக்கலாம். படகு இன்னும் திரும்பவில்லை, பார்க்க நேரம் இருக்கிறது. தாடையை வையுங்கள், நெற்றியை ஒட்டுங்கள், அசையாதீர்கள்.

முதலாவதா, இரண்டாவதா?